காணாமல் ஊதிய விசில்

பதினெட்டு வருடங்களாக வடமராட்சி மைதானங்களில் என்னைப் பார்த்து "றெபறிக்குக் கண் தெரியாதோ" என்று கத்திய எல்லாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னது சரி. எனக்குக் கண் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த தாள் வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டலாம். என் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துத் திட்டியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும்.

கிழமை நாட்களில் எனக்குத் தபால் கந்தோரில் வேலை. சனி, ஞாயிறில் உதைபந்தாட்ட நடுவர். நடுவராக எனக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. கண்டாலும் ஊது, காணாவிட்டாலும் ஊது, ஊதிய பிறகு யோசிக்காதே. யோசிக்கிற றெபறியைச் சுற்றி இருபத்திரண்டு பேர் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் குடையோடு ஊர் நிற்கும். உரத்து ஊதிவிட்டுக் கையை நீட்டினால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். ஊதினவனும் நம்பிவிடுவான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஓர் இறுதிப் போட்டியில் இந்தச் சட்டம் என் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. விளையாடியது எங்கள் ஊர்க் கழகம். பின்வரிசையில் நின்றவன் சிறி, என் மனைவி வதனியின் தம்பி. கோல் வாசலில் ஒரே நெரிசல், எதிரணிக்காரர் "கை, கை" என்று கத்தினார்கள். சிறியின் கையில் பந்து பட்டதென்று நான் ஊதினேன். பெனால்ரி. ஒன்றுக்குப் பூச்சியத்தில் ஊர் தோற்றது. சிறி மைதானத்திலேயே சேட்டைக் கழற்றி எறிந்தான். வதனி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் வந்தது, கறி வரவில்லை.

சிறி பிறகு ஓட்டோ வாங்கினான். என்னை எங்கே ஏற்றிக்கொண்டு போனாலும் ஏதாவதொரு வளைவில், "அத்தான், அண்டைக்கு அது பெனால்ரியோ" என்று கேட்பான். நானும் "கண்ணாலை கண்டனான்" என்பேன். எங்கள் உறவு இந்த இரண்டு வசனங்களில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

கண் வருத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கம் வைத்த தேத்தண்ணியைத் தட்டிவிடுவேன். இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடிக்கும். கந்தோரில் இடப்பக்கமாக வந்து நின்றவர்களைக் கவனிக்கவில்லை என்று, தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயரும் வந்தது. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நெல்லியடியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி விற்க மறுத்தார். விற்க மறுக்கிற கடைக்காரரைக் கண்டால் பயப்பட வேண்டும். நேரே யாழ்ப்பாணத்துக்குக் கண் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

அங்கே பெயர் சொன்னார்கள்: குளுக்கோமா. கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அது வடிவதற்கு ஓரத்தில் ஒரு வழியும் உண்டு. அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்னாலுள்ள பார்வை நரம்பை இழை இழையாகச் சாகடிக்கும். நோவு இல்லை, சிவப்பு இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே கரைந்து வரும். கரைந்த இடத்தில் கறுப்புத் தெரியுமென்று நினைப்பீர்கள். தெரியாது. பக்கத்தில் உள்ளதை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடும். அதாவது என் மூளையும் காணாமல் ஊதுகிற றெபறிதான்.

எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளக்க ஒரு சோதனை உண்டு. இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற பொறி. ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, முகத்தின் நாடியை அதன் தாங்கியில் ஊன்ற வேண்டும். கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள்.

"நடுவிலை இருக்கிற மஞ்சள் வெளிச்சத்தையே பாருங்கோ ஐயா," என்றாள் சோதனை எடுக்கும் பிள்ளை. "சுத்திவர எங்கையாவது சின்ன வெளிச்சம் மின்னினால் அமத்துங்கோ. எல்லாத்தையும் காணவேணும் எண்டில்லை. காணாட்டி சும்மா இருங்கோ."

காணாவிட்டால் சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. பொறி உள்ளுக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும், அதோடு வெளிச்சம் வரும். நாலு ஐந்து வெளிச்சத்திலேயே தாளத்தைப் பிடித்துவிட்டேன். பிறகு கண் எதற்கு? காதால் கேட்டு அமத்தினேன். இரண்டு கண்ணுக்கும் அப்படியே. எழும்பும்போது கோப்பை வாங்கப் போகிறவன் மாதிரி எழும்பினேன்.

டொக்டர் அம்மா தாளைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை நரம்பைப் பார்த்தால் அரைவாசி செத்துப்போச்சு. இந்தத் தாளைப் பார்த்தால் உங்களுக்குப் பிடரியிலையும் கண் இருக்கு. நான் எதை நம்பிறது?"

"ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா நம்புங்கோ டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "வெளிச்சம் போடாத நேரத்திலையும் அமத்தியிருக்கிறியள். மெஷின் அதை எண்ணி வைச்சிருக்கு. இது குப்பைக்குத்தான். மருந்தை ஒழுங்கா விட்டுக்கொண்டு, ஒரு மாதத்தாலை வந்து திரும்பச் செய்யுங்கோ."

ஒரு மாதத்தால் சுற்றுப்போட்டி தொடங்கிவிட்டது. மருந்து விட்டேன், ஆனால் போகவில்லை. எட்டு மாதம் கழித்துப் போனேன். இந்த இடத்தில் பகிடி விட எனக்கும் மனம் வரவில்லை. அந்த எட்டு மாதத்துக்குள் இடது கண் போய்விட்டது. மேலிமைக்குக் கீழே நீர் வடியச் சின்ன வழியொன்று வெட்டிப் பார்த்தார்கள். உடம்பு அதைப் புண் என்று நினைத்து மூடி, தழும்பாக்கிவிட்டது. இடது கண்ணில் இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரியும்.

மிஞ்சியது வலது கண். அதிலும் மூன்று விதமான சொட்டு மருந்து விட்டும் அழுத்தம் முப்பத்திரண்டில் நின்றது. எனக்கு அது பதினைந்துக்குள் இருக்க வேண்டும்.

"இனி ஒரு குழாய்தான் வைக்கவேணும்," என்றார் டொக்டர்.

வதனி பக்கத்தில் இருந்தாள். நான் பேச முதலே, "வெட்டுற வழி மூடுபட்டுப் போகுது, அதாலை குழாய். அப்பிடியோ டொக்டர்?" என்று கேட்டாள்.

"ஓம். தடிச்ச தையல் நூல் மாதிரி மெல்லிய குழாய். ஒரு நுனி கண்ணுக்குள்ளை இருக்கும். மற்ற நுனியிலை பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய வளைஞ்ச தகடு. அதை மேலிமைக்குள்ளை, வெள்ளை முழிக்கு மேலை வைச்சுத் தைப்பம். நீர் குழாயாலை வந்து தகட்டைச் சுத்தி ஊறும், உடம்பு அதை உறிஞ்சிவிடும். வெளியிலை ஒண்டும் வடியாது."

"எங்கடை தண்ணித் தாங்கிக்கு மேலை வைச்சிருக்கிற ஓவர்ஃப்ளோ பைப் மாதிரி."

"அதேதான் அம்மா. ஐயாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ."

பிறகு டொக்டர் நேரே என்னைப் பார்த்துச் சொன்னார். "போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இது. சிலவேளை ஒப்பரேசனாலையே அந்த மிச்சத்துக்கும் பாதிப்பு வரலாம். செய்யாமல் விட்டால் அது நிச்சயமாப் போகும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசிக்கிற பழக்கம் இல்லாதவனிடம் கேட்டார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க யோசித்தேன். வதனியின் முகத்தை வலது கண்ணால் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியும் கண்களும் வடிவாகத் தெரிந்தன. நாடிக்குக் கீழே பனிமூட்டம் போலப் புகார். இந்த முகத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதா, அல்லது ஒரே நாளில் இழக்கக்கூடிய மேசையில் போய்ப் படுப்பதா?

"இஞ்சருங்கோ, ஏன் உப்பிடிப் பார்க்கிறியள்?"

"சும்மா."

"முப்பது வருசமாப் பார்க்காததை இப்ப பார்த்து என்ன செய்யப் போறியள்? ஓமெண்டு சொல்லுங்கோ. நான் கூட வாறன்."

குழாய் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் வலது கண்ணுக்கு அந்த வெளிச்சச் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அதே இருட்டறை, அதே பிள்ளை. என்னை மறக்கவில்லை.

"ஐயா, இந்த முறை?"

"இந்த முறை விசிலை வீட்டிலை விட்டிட்டு வந்தனான் பிள்ளை."

கண்டபோது மட்டும் அமத்தினேன். மேல்பாதியில் வெளிச்சங்கள் வந்தன. பிறகு 'டிக்' கேட்டது, ஒன்றுமில்லை. 'டிக்', ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் வெளிச்சம் மின்னுகிறது என்று காது சொல்கிறது, கண்ணுக்கு அது இல்லை. பெருவிரல் பொத்தானில் துடித்தது. பிடித்து வைத்திருந்தேன். அவ்வளவு நேரம் சும்மா இருப்பது, தொண்ணூறு நிமிடம் வெயிலில் ஓடுவதை விடக் களைப்பு. வெளியே வந்தபோது தாளைத் தந்தார்கள். கீழ்ப்பாதியில் தோசை கருகின மாதிரிக் கறுப்பு. வதனி அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள், எனக்குக் காட்டாமல். நான் முன்னமே பார்த்துவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

ஒப்பரேசன் அன்று முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. அது நோகும், பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நோவில்லை. விழித்தபடியே கிடந்தேன். வெளிச்சமும் நிழலும் நகர்ந்தன, யாரோ கண்ணை இழுப்பது மட்டும் தெரிந்தது.

"அசையாதேங்கோ ஐயா. இருமல் வந்தால் முதலே சொல்லுங்கோ."

"சொல்லுறன் டொக்டர். வெளிச்சத்தைக் கொஞ்சம்..."

"கதையாதேங்கோ."

இது எனக்குக் கிடைத்த முதல் மஞ்சள் அட்டை. அதோடு அடங்கிவிட்டேன். பெயர் தெரியாத ஒரு தாதி முடியும்வரை என் கையைப் பிடித்திருந்தார். நான் அவரின் விரல்களை நசுக்கியிருப்பேன். இதை வாசித்தால் மன்னிக்கவும்.

வலது கண்ணைக் கட்டிவிட்டார்கள். இடது கண் ஏற்கனவே இல்லை. ஆகவே அன்று பின்னேரமே எனக்கு இராத்திரி ஆகிவிட்டது. வதனி இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டினாள். "இது சொதி, இது சம்பல்" என்று ஒவ்வொரு வாய்க்கும் அறிவித்தாள். ஆண்கள் வார்ட்டில் பெண்கள் தங்க முடியாது. சிறி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டான். போகும்போது வதனி என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினாள். என் விசில்.

"அவன் படுத்தால் எழும்பமாட்டான். தேவையெண்டால் ஊதுங்கோ."

பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், வெண்புரைக்கு வந்தவர். என்னைப் பற்றி எல்லாம் விசாரித்தார்.

"குழாய் வைச்சவையோ? அப்ப தண்ணி எங்கை போகும்? தலகணி நனையாதோ?"

"உடம்பு உறிஞ்சுமாம் அண்ணை."

"பற்றறி மாத்தோணுமோ?"

"பற்றறி இல்லை அண்ணை. சும்மா குழாய்."

"எங்கடை எஞ்சினை விட நல்ல சாமான்," என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

விடியப்புறம் எனக்குச் சலம் முட்டியது, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். "சிறி" என்றேன். இரண்டு தரம், மூன்று தரம். கடைசியில் விசிலை வாயில் வைத்தேன். மெதுவாகத்தான் ஊத நினைத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம், மெதுவாக வராது. வார்ட் முழுக்க எழும்பியது. சிறி பாயிலிருந்து துள்ளி எழுந்து, நித்திரையிலேயே, "நான் தொடேல்லை, நான் தொடேல்லை" என்றான்.

காலையில் கதை டொக்டருக்குப் போய்விட்டது. "மூச்சை அடக்கி ஊதினால் கண்ணுக்குள்ளை அழுத்தம் ஏறும், ரத்தம் கசியலாம். ஆர் இவருக்கு விசில் குடுத்தது?"

"அக்கா," என்றான் சிறி உடனே. காட்டிக்கொடுப்பதில் குடும்பப் பாசம் பார்க்கமாட்டான்.

கட்டை அவிழ்த்தார்கள். வெள்ளைப் புகார். அதற்குள் எதுவோ அசைந்தது.

"எத்தனை விரல்?"

இரண்டு என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். எல்லா டொக்டர்மாரும் இரண்டைத்தான் காட்டுவார்கள். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"விரல் தெரியுது டொக்டர். எண்ணத் தெரியேல்லை."

"அப்பிடிச் சொல்லுங்கோ. அதுதான் எனக்கு வேணும்," என்றார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு ஐம்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தாலும் பயம் முடியவில்லை. எனக்கு வைத்தது வால்வு இல்லாத குழாய். உடனே திறந்துவிட்டால் கண்ணிலுள்ள நீரெல்லாம் வடிந்து, முழி காற்றுப் போன பந்தாகிவிடும். அதனால் குழாயை ஒரு நூலால் கட்டி விடுகிறார்கள். நூல் ஆறு கிழமையளவில் தானே கரையும். அதற்குள் தகட்டைச் சுற்றி ஒரு தோல் வளர்ந்து, நீர் அளவோடு ஊறும். அதுவரை பழைய அழுத்தம், பழைய மருந்து, காத்திருப்பு. குனியாதே, பாரம் தூக்காதே, கண்ணைக் கசக்காதே, தலையில் தண்ணீர் வார்க்காதே. படுக்கும்போது கண்ணுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி.

சொட்டு மருந்து விடுவது சிறியின் வேலையானது. வதனிக்குக் கை நடுங்கும். அவன் சவாரியை விட்டுவிட்டு வருவான், சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவான், கீழிமையை இழுப்பான். "மேலை பாருங்கோ." ஒரு துளி. "பட்டுதோ?"

"ஓம்," என்பேன். பல நேரம் பட்டிருக்காது, கன்னத்தில் வழிந்திருக்கும். பாவம், அவன் சவாரிக்குப் போக வேண்டும் என்று நானே தீர்ப்பு வழங்கிவிடுவேன். பழைய றெபறி முற்றாகச் சாகவில்லை.

ஆறாவது கிழமை ஒருநாள் மத்தியானம் கண்ணில் மெல்லிய நோவு. வதனியின் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலக் கலங்கியது. போய்விட்டது என்றே நினைத்தேன். வதனி உடனே செருப்பைப் போட்டாள். சிறி ஓட்டோவை ஓட்டிய வேகத்தை இங்கே எழுதினால் அவனுடைய லைசென்ஸ் போய்விடும். நல்லூர் தாண்டியும் பெனால்ரியைப் பற்றிக்கூட அவன் கேட்கவில்லை. அதில்தான் நான் கூடுதலாகப் பயந்தேன்.

டொக்டர் அழுத்தத்தை அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"பதினொண்டு. நூல் கரைஞ்சிட்டுது. குழாய் திறந்திருக்கு ஐயா. கலக்கம் கொஞ்ச நாளிலை தெளியும்."

வதனி கதிரையில் இருந்தபடியே அழுதாள். சிறி வெளியே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி வாங்கிவந்து, என்னுடையதை வலப்பக்கம் வைத்தான்.

கலக்கம் பத்து நாளில் தெளிந்தது. மூன்றாம் மாதம் திரும்பவும் அந்த இருட்டறை. வதனிக்குக் காய்ச்சல், சிறிதான் கூட வந்தான். 'டிக்' சத்தங்களை விட்டுவிட்டு வெளிச்சங்களுக்கு மட்டும் அமத்தினேன். டொக்டர் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கீழ்ப்பாதியில் அதே கருகல். ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

"ஒரு மாற்றமும் இல்லை," என்றார். எனக்குக் கிடைத்த கோப்பைகளில் இதுதான் பெரியது. சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்கு இப்படிச் சந்தோசப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும்போது மத்தியான மருந்துக்கு நேரமாகிவிட்டது. சிறி ஒரு வேப்பமர நிழலில் ஓட்டோவை நிறுத்தினான். போத்தல் தண்ணீரில் கைகழுவிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டான்.

"அத்தான், அண்டைக்கு அது பெனால்ரியோ?"

"தெரியாது சிறி. நான் காணேல்லை."

அவன் கையை உதறுவதை நிறுத்தினான்.

"எனக்கு முன்னாலை நாலு பேர் நிண்டவங்கள். சத்தத்தைக் கேட்டு ஊதினனான். ஊதாட்டி மச்சானுக்குப் பார்த்தவன் எண்டு சொல்லுவாங்கள் எண்ட பயமும் இருந்தது."

சிறி பிறகு கையைச் சேட்டில் துடைக்கப் போய், நினைவு வந்து, சுத்தமான கைலேஞ்சி எடுத்துத் துடைத்தான்.

"பந்து கையிலை பட்டதுதான் அத்தான்."

"என்ன?"

"இஞ்சை, முழங்கையிலை. வடிவாப் பட்டது."

"அப்ப ஒன்பது வருசமா ஏனடா என்னைச் சாகடிச்சனி?"

"பட்டது எனக்குத் தெரியும். நீங்கள் காணேல்லை எண்டதும் தெரியும். உங்கடை முகம் மற்றப் பக்கம் நிண்டது. காணாத ஆள் கண்டனான் எண்டு எனக்கே சொன்னால் கோபம் வராதோ?"

அவன் மருந்துப் போத்தலைத் திறந்து, என் கீழிமையை இழுத்தான்.

"மேலை பாருங்கோ."

பார்த்தேன். வேப்பிலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு துளி விழுந்து கன்னத்தால் வழிந்தது.

"பட்டுதோ?"

"இல்லை," என்றேன். "இன்னொருக்கா விடு."